அத்தியாயம் 6: சாயங்கால விளையாட்டைத் தெருவுக்குத் திருப்பிக் கொண்டுவருதல்

தமிழ்நாட்டில் பள்ளிகள் 2020 மார்ச் 17 முதல் மூடப்பட்டன. ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அவை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். திறந்த வேகத்தில் ஓமிக்ரான் வந்தது. 2022 ஜனவரியில் மூடி, பிப்ரவரி 1 அன்று மீண்டும் திறந்தார்கள். நம் இரண்டு மாவட்டங்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 2020 மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்களிடம் தொற்று கண்டறியப்பட்டபோது, அரியலூர், பெரம்பலூர்ப் பெயர்கள் அன்றாடச் செய்தியில் அடிபட்டன. தெருவுக்குத் தெரு தடுப்புக் கட்டினார்கள். பிள்ளையை வாசல்படி தாண்ட விடாத பயம் அப்போது வந்தது. அது நியாயமான பயம். தடுப்புக் கழிகளை அவிழ்த்த பிறகும் பல வீடுகளில் அந்த வழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

படிப்பில் விட்டுப்போனதை ஈடுகட்ட 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. விளையாட்டில் விட்டுப்போனதற்கு வீடு தேடி யாரும் வரவில்லை.

விட்டுப்போனது என்ன என்று முதலில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மூச்சு வாங்குகிறது, எடை கூடிவிட்டது, கால் வலிக்கிறது என்று பெற்றோர் சொல்வதெல்லாம் உண்மை. ஆனால் பிள்ளையின் உடம்பு சில வாரங்களில் தேறிவிடும். தேற நாளாவது வேறொன்று. நம் ஊர்களில் கிட்டிப்புள்ளையும் கிளித்தட்டையும் எந்தப் பெற்றோரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை. எட்டாவது படிக்கிற அண்ணன் ஆடுவதை மூன்றாவது படிக்கிற தம்பி பார்ப்பான், ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வார்கள், இரண்டு வருடத்தில் அவனே ஆட்டத்தை நடத்துவான். அந்தக் கைமாற்றம் இரண்டு வருடம் நின்றுபோனது. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டியிருந்த பிள்ளை 2025-26 கல்வியாண்டில் ஆறாம் வகுப்பில் இருக்கிறது. சின்னதுகளுக்கு ஆட்டம் சொல்லித்தர வேண்டிய வயது அதற்கு இப்போது. பல ஊர்களில் அந்தப் பிள்ளைக்கே ஆட்டம் தெரியாது. அதனால் இந்த அத்தியாயம் உடற்பயிற்சிப் பட்டியலாக இருக்காது. ஒரு தெருவில், ஒரு நேரத்தில், பல வயதுப் பிள்ளைகள் சேர்ந்து ஆடும் வழக்கத்தை மீட்பதே இங்கே வேலை. அது நடந்துவிட்டால் உடற்பயிற்சி தானாக நடக்கும்.

எவ்வளவு ஆட்டம் வேண்டும்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வேகமெடுக்கும் அளவுக்கு இயங்க வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது அதில் கடுமையான ஓட்டமும், தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் அசைவும் இருக்க வேண்டும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நாள் முழுக்கப் பிரித்து 180 நிமிடம். அதில் ஒரு மணி நேரம் நல்ல வேகத்தில். கொரோனாவுக்கு முன்பே உலகில் 11 முதல் 17 வயதுக்காரர்களில் 100க்கு 81 பேர் இந்த அளவைத் தொடவில்லை என்று அந்த நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. நோய்க்காலம் புதிதாக உண்டாக்கிய குறை இல்லை இது. முன்பே இருந்ததை ஆழமாக்கியது.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். ஆடும்போது பிள்ளையால் பேச முடிந்து, பாட முடியாமல் போனால் அது நடுத்தர வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமையான வேகம். 60 நிமிடமும் ஒரே மூச்சில் இருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கு வேகமாக நடக்கும் பதினைந்து நிமிடமும், மதிய இடைவேளையில் ஓடிய பத்து நிமிடமும் கணக்கில் சேரும்.

எலும்புக்கு வலு, தசைக்கு வலு என்றதும் ஜிம் நினைவுக்கு வர வேண்டாம். குதித்து இறங்கும்போது எலும்பில் விழும் அதிர்வுதான் எலும்பைக் கெட்டிப்படுத்துகிறது. பச்சைக்குதிரையிலும் பாண்டியிலும் கயிறு தாண்டுவதிலும் அது நிறைய இருக்கிறது. கோ-கோவில் உட்கார்ந்து எழுவது தொடைக்கு வேலை. கிளித்தட்டில் கோட்டுக்குக் கோடு தாண்ட, ஓடுகிற திசையைச் சட்டென்று மாற்ற வேண்டும். கபடியில் பிடித்து இழுப்பது கைக்கும் முதுகுக்கும் போதும். வாழ்நாள் முழுக்கத் தாங்க வேண்டிய எலும்பின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. இந்த ஆட்டங்களைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

தொடங்கும் முன் வீட்டில் பார்க்க வேண்டியவை

ஐந்து வயது தாண்டிய பிள்ளை ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்க முடியவேண்டும். நொண்டியடிக்கத் தெரியவேண்டும். குதிகால் தரையில் பட்டபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழ முடியவேண்டும். எட்டு வயதுப் பிள்ளை எதிரே நின்று போடும் பந்தை இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும். இவற்றில் எது வரவில்லையோ அதைக் கேலி செய்யாமல் தினமும் ஐந்து நிமிடம் விளையாட்டாகவே ஆடுங்கள். கோவிட் காலத்தில் பாலர் வயதில் இருந்த பிள்ளைகளுக்கு இந்த அடிப்படை அசைவுகளில் குறை இருக்கலாம். அது மந்தம் இல்லை, பழக்கமின்மை.

சீக்கிரம் களைத்துப்போகும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டும் முன் இரத்தத்தைப் பாருங்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். வளரும் பெண் பிள்ளைகளுக்கு அது இன்னும் பெரிய தொல்லை. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து வெளிறியிருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளலாம். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை விழுங்குகிறதா, பைக்குள் போடுகிறதா என்று விசாரியுங்கள். முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு, சுண்டல், நிலக்கடலை எல்லாம் நம் சந்தையில் கிடைப்பவை. பள்ளி விட்டு வந்ததும் ஒரு கைப்பிடி சுண்டல் தின்ற பிள்ளைக்கும் வெறும் வயிற்றோடு ஆடுகிற பிள்ளைக்கும் ஆட்டத்திலேயே வித்தியாசம் தெரியும்.

கொரோனாவால் மருத்துவமனையில் இருந்த பிள்ளை, அதற்குப் பின் இதயத்தைத் தாக்கும் அழற்சி வந்த பிள்ளை இருந்தால் மருத்துவரைக் கேட்டபின்தான் போட்டி ஆட்டம். இதயத்தசை அழற்சி வந்தவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஓய்வு சொல்வது வழக்கம். யாராக இருந்தாலும் ஆடும்போது நெஞ்சு வலித்தாலோ, படபடப்பு அடங்காவிட்டாலோ, மயங்கி விழுந்தாலோ அன்றோடு ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும்.

முதல் ஆறு வாரம்

ரொம்ப நாள் உட்கார்ந்திருந்த பிள்ளையை முதல் நாளே மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவது தவறு. ஓட்டத்தைத் தண்டனையாகவே பள்ளியில் பார்த்த பிள்ளைகள் பலர். லேட்டாக வந்தால் இரண்டு ரவுண்டு, பேசினால் நாலு ரவுண்டு. அந்த வெறுப்பின் மேல் உடற்பயிற்சியைக் கட்ட முடியாது.

முதல் இரண்டு வாரம் இருபது நிமிடம் போதும். ஓடிப்பிடித்தல், கல்லா மண்ணா, ஐஸ்பாய், கொலகொலயா முந்திரிக்கா. இவற்றில் ஓடி நிற்கவும் நின்று ஓடவும் இடம் உண்டு, தோற்றவர் வெளியே உட்காரும் நேரம் குறைவு. மூன்றாம் நான்காம் வாரத்தில் நாற்பது நிமிடம். அப்போது பாண்டி, கயிறு தாண்டுதல், கிளித்தட்டு சேர்க்கலாம். ஐந்தாம் வாரத்திலிருந்து ஒரு மணி நேரம், கபடியும் கோ-கோவும் எறிபந்தும். அவுட் ஆனவன் கடைசி வரை வெளியே என்ற விதியை மாற்றிவிடுங்கள். அந்த விதிப்படி முதலில் அவுட் ஆகிறவன் யார் என்றால், அதிகமாக ஓட வேண்டிய அந்தக் குண்டுப் பிள்ளைதான். இரண்டு நிமிடம் கழித்து அவன் திரும்ப வரட்டும்.

எட்டிலிருந்து பதினான்கு வயதுக்குள், திடீரென்று ஆட்டம் கூடும்போது குதிகாலின் பின்புறமோ, முழங்காலுக்குக் கீழே துருத்தும் எலும்பிலோ வலி வரும். வளரும் எலும்பில் தசைநார் இழுப்பதால் வருவது. பெரும்பாலும் ஆபத்தில்லை. ஒன்றிரண்டு வாரம் குதிப்பதைக் குறைத்து, ஆடி முடிந்ததும் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி வைத்தால் தணியும். நொண்டி நடந்தாலோ, வீங்கினாலோ, இரவிலும் வலித்தாலோ காட்டிவிடுங்கள்.

இடம்

இதுதான் நம் மாவட்டங்களில் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமெண்ட் லாரிகளும் ஓடும் சாலையோரம் ஆடுகளம் ஆகாது. விபத்துப் பயம் ஒன்று, ஓடும் பிள்ளை அதிகமாக உள்ளிழுக்கும் தூசி இன்னொன்று. ஆடிக் காற்றில் இது கூடுதல். சாலையிலிருந்து உள்ளே தள்ளிய பள்ளி வளாகம், கோயில் முன்பக்கத் திடல், களம், ஏரிக்கரை உள்பக்கம் என்று தேடுங்கள்.

கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குழிகள் பக்கம் பிள்ளைகள் போகவே கூடாது. மழைக்குப் பின் அவற்றில் தெளிந்த நீர் நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். ஏரியைப்போல் மெதுவாக ஆழமாகும் கரை அங்கே கிடையாது. சுவர்போல் இறங்கும், பிடித்து ஏற எதுவும் இருக்காது. நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் இது பொருந்தும். பெரம்பலூர்ப் பக்கம் கிணறுகளைப் பற்றியும் இதே எச்சரிக்கை. நீச்சல் கட்டாயம் கற்க வேண்டிய ஒன்று, ஆனால் நீந்தத் தெரிந்த பெரியவர் தண்ணீருக்குள் உடன் இருக்கும்போது மட்டும்.

கரிசல் நிலத்தில் கோடையில் வெடிப்பு விழும், கணுக்கால் சுளுக்கும். மழையில் அதே மண் காலில் அப்பி வழுக்கும். செம்மண் திடலே நல்லது. ஆட்டம் தொடங்குமுன் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக நடந்து சீமைக்கருவேல முள்ளையும் கண்ணாடித் துண்டையும் பொறுக்குவதை அன்றாட வழக்கமாக்குங்கள். உடல் சூடேற்றவும் அது உதவும்.

பந்துக்கும் மட்டைக்கும் காசில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்புத் திட்டத்தில், தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கிரிக்கெட், வாலிபால், கால்பந்து, சிலம்பம் உட்பட 33 வகைப் பொருள்கள் என்று அறிவித்தார்கள். பெரம்பலூர் மாவட்டத்தின் 121 ஊராட்சிகளும் அரியலூரின் 201 ஊராட்சிகளும் அதில் அடக்கம். உங்கள் ஊராட்சியின் தொகுப்பு எங்கே இருக்கிறது என்று ஊராட்சிச் செயலரிடம் போய்க் கேளுங்கள். பூட்டிய அறையில் இருந்தால், வாங்கிப்போய்த் திருப்பித் தரும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, பொறுப்புக்கு ஓர் இளைஞரை நியமிக்கச் சொல்லுங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் அந்தப் பூட்டுத் திறக்கும்.

நேரமும் ஆளும்

திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஐந்திலிருந்து ஆறேகால் என்று ஒரு நேரத்தை முடிவு செய்து மாற்றாமல் வையுங்கள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் நம்பி வருவது நேரம் மாறாததால்தான். தெருவில் ஒரு பெரியவர் கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தால் போதும், ஆட்டத்தில் தலையிட வேண்டாம். தகப்பன் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ, தாய் வெங்காயக் களத்திலோ இருக்க, அப்பாயி பொறுப்பில் வளரும் பிள்ளைகள் இங்கே நிறைய. “வெளியில போனா கால ஒடிச்சுக்குவே சாமி, உள்ளயே இரு” என்று அப்பாயி சொல்வது அக்கறையில்தான். பேரனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மகனுக்கு யார் பதில் சொல்வது? அவரோடு வாதாடிப் பயனில்லை. நாற்காலியைத் திடலோரம் கொண்டுபோய்ப் போட்டு, “நீங்க கண்ணுல வச்சிக்குங்க அப்பாயி” என்று அவரையே காவலுக்கு அமர்த்துங்கள். அவர் காலத்து ஆட்டத்தை அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். இடையில் அறுந்த கைமாற்றத்துக்கு இது நல்ல ஒட்டு.

செல்போன் வீட்டுக்குள் வந்தது ஆன்லைன் வகுப்பின் பெயரால். வகுப்பு முடிந்தது, போன் நின்றுவிட்டது. ஃப்ரீ ஃபயர் விளையாட்டை 2022 பிப்ரவரியில் அரசு தடை செய்தபோது பிள்ளைகள் வேறொன்றுக்கு மாறினார்கள், தெருவுக்கு வரவில்லை. போனைப் பிடுங்குவதால் மட்டும் பிள்ளை வெளியே வராது. அங்கே ஆட வேறு பிள்ளைகள் இருக்க வேண்டும். ஆகவே உங்கள் பிள்ளையை மட்டும் திருத்தப் பார்க்காமல், நான்கு வீட்டாரோடு பேசி ஐந்து மணிக்கு நான்கு வீட்டிலும் போனை மேலே வைக்கும்படி ஒப்பந்தம் செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் தினமும் இருப்பது கிட்டப்பார்வை வருவதைத் தாமதப்படுத்துகிறது என்பதையும் அந்தப் பெற்றோரிடம் சொல்லுங்கள். கண்ணாடி என்றால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

தனியார் பள்ளி வேனில் காலை ஏழுக்குப் போய் மாலை ஆறுக்குத் திரும்பும் பிள்ளைகளுக்கு வார நாள் கடினம். அவர்களுக்குச் சனி, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் கட்டாயம் விடுங்கள், ஞாயிறு டியூஷனை விட அது முக்கியம். மாதம் ஒரு நாள் ரஞ்சன்குடி கோட்டை ஏறலாம். பச்சைமலை அடிவாரத்தில் லாடபுரம் மயிலூற்று அருவிக்கு நடக்கலாம். பறவை வரும் மாதங்களில் கரைவெட்டி ஏரிக்கரை ஓரம் காலை நடை பெரியவர்களுக்கும் நல்லது.

பள்ளிக்குள் நடக்க வேண்டியது ஒன்று. பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்குவது நிற்க வேண்டும். விளையாட்டு மைதானம் பள்ளிக்கு இருக்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அந்தக் கூட்டத்தில் எழுந்து, போன மாதம் எத்தனை பி.டி. பீரியட் உண்மையில் நடந்தது என்று கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், மாதாமாதம் கேளுங்கள்.

வெயில்

மார்ச் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை மேலே சொன்ன நேரம் செல்லாது. காலை ஆறிலிருந்து ஏழரை, மாலை ஐந்தரைக்குமேல். கத்திரி வெயில் நாள்களில் காலை மட்டும். கோடை தொடங்கும்போது உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அந்த நாள்களில் ஆட்டத்தைப் பாதியாக்குங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாரும் நின்று தண்ணீர் குடிக்க வேண்டும், தாகம் எடுத்தவர் மட்டுமல்ல. நீர்மோரில் உப்புப் போட்டுக் கொடுத்தால் கடையில் வாங்கும் பானம் வேண்டாம். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். பேச்சுக் குழறினாலோ நினைவு தப்பினாலோ உடம்பில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே 108ஐ அழையுங்கள்.

பெண் பிள்ளைகள்

ஆண் பிள்ளைகளில் பாதிப் பேராவது எப்படியோ திடலுக்குத் திரும்பிவிட்டார்கள். 2020இல் பத்து வயதில் வீட்டுக்குள் போன பெண் பிள்ளை, பள்ளி திறந்தபோது பருவமடைந்திருந்தாள். அவளுக்குத் திடல் திறக்கவே இல்லை. இதை யாரும் முடிவெடுத்துச் செய்யவில்லை. இயல்பாக நடந்ததுபோல் நடந்துவிட்டது. அதனாலேயே முடிவெடுத்து மாற்ற வேண்டியிருக்கிறது.

தனி நேரம் ஒதுக்குங்கள், திடலைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னால் பையன்கள் முழுவதையும் எடுத்துக்கொள்வார்கள். வாரம் இரண்டு நாள் திடல் முழுக்கப் பெண் பிள்ளைகளுக்கு. கழிப்பறை திறந்திருக்கும் பள்ளி வளாகம் அவர்களுக்கு ஏற்ற இடம். சுடிதார் பேண்ட், டி-ஷர்ட் எதுவானாலும் சரி, துப்பட்டா மட்டும் வேண்டாம், கபடியில் கழுத்தைச் சுற்றும். மாதவிலக்கு நாளில் ஆடினால் கெடுதல் இல்லை. முடியவில்லை என்றால் உட்காரட்டும், அதை அவளே சொல்லட்டும். இருட்டும் முன் வீடு சேரும்படி நேரத்தை வைத்து, ஒரே தெருப் பிள்ளைகள் சேர்ந்து வந்து சேர்ந்து திரும்ப ஏற்பாடு செய்யுங்கள். பெற்றோரின் பயத்துக்கு நேரான பதில் இதுதான்.

நடக்க முடியாத, கண் தெரியாத, கற்றலில் பின்தங்கிய பிள்ளைகளை நடுவர் என்று சொல்லி ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள். எறிபந்தில் உட்கார்ந்து எறியலாம். ஓடிப்பிடித்தலில் கை கோத்து இருவராக ஓடலாம். விதியை மாற்றச் சொன்னால் பிள்ளைகள் நம்மைவிட நன்றாக மாற்றுவார்கள்.

போட்டி, பதக்கம் பற்றி ஒரு வார்த்தை. அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பை ஹாக்கியில் இந்தியாவுக்கு ஆடி, பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் கோல் போட்டார். அடுத்த ஆண்டு சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் இருந்தார். திறமையும் ஆசையும் உள்ள பிள்ளையை மாவட்ட விளையாட்டரங்கில் சேர்த்துவிடுங்கள், முதலமைச்சர் கோப்பைப் போட்டிக்குப் பதிவு செய்யுங்கள். ஆனால் இந்த அத்தியாயம் எழுதப்பட்டது எந்த அணியிலும் இடம் கிடைக்காத பிள்ளைக்காக. அந்தப் பிள்ளைகள்தான் எண்ணிக்கையில் அதிகம், அவர்களுக்குத்தான் இந்த ஒரு மணி நேரம் வேறெங்கும் கிடைக்காது.

முதல் வாரம் நான்கு பிள்ளைகள்தான் வருவார்கள். இரண்டாவது வாரம் அதில் ஒன்று நின்றுவிடும். நேரத்தை மாற்றாதீர்கள், திடலை மாற்றாதீர்கள். மூன்று பிள்ளைகளோடு ஆட்டத்தை நடத்துங்கள்.